குதிரையின் கடிவாளம் வரை இரத்தம்: வெளி. 14:20-ஐ எப்படி வாசிப்பது?

உபதேசியார்பேரன்:

எங்கள் சபையில் புதன்கிழமை வேதபாடத்தில் வெளிப்படுத்தின விசேஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. 14ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கு வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நகரத்துக்குப் புறம்பே திராட்சை ஆலை மிதிக்கப்படுகிறது, திராட்சரசம் வரவேண்டிய இடத்தில் இரத்தம் வருகிறது, குதிரைகளின் கடிவாளங்கள் வரைக்கும் பெருகி 1600 ஸ்தாதி தூரம் ஓடுகிறது. பாதிப் பேர் "இது வரப்போகிற யுத்தம், எழுதியபடியே நடக்கும்" என்றார்கள். மீதிப் பேர் "அது அடையாளம்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எனக்கு இரண்டுமே போதவில்லை. அடையாளம் என்றால் எதற்கு அடையாளம் என்று சொல்ல வேண்டாமா? 1600 என்று எண் போட்டு எழுதினவர் எதையோ மனதில் வைத்துத்தானே எழுதியிருப்பார்? இதை முறையாகப் படித்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த புதன் வகுப்பு எடுக்கிற முறை என்னுடையது.

காலேபு77:

ஸ்தோத்திரம் பிரதர். வசனத்தை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொள்வதுதான் பத்திரம். எகிப்தில் நைல் நதி இரத்தமாக மாறியது அடையாளமா? கல்மழை அடையாளமா? வெட்டுக்கிளி அடையாளமா? எல்லாம் நடந்தது. மீகா பெத்லகேம் என்று சொன்னார், பெத்லகேமிலேயே பிறந்தார். சகரியா கழுதை என்று சொன்னார், கழுதையின்மேல்தான் வந்தார். முதலாம் வருகை அச்சு அசலாக நிறைவேறியிருக்கும்போது இரண்டாம் வருகையை மட்டும் ஏன் உருவகமாக்க வேண்டும்?

ஒரு ஸ்தாதி சுமார் 185 மீட்டர். 1600 ஸ்தாதி என்றால் 296 கிலோமீட்டர். வடக்கே தீரு பட்டணத்திலிருந்து தெற்கே எகிப்தின் எல்லை வரை ஏறக்குறைய இவ்வளவு தூரம்தான் வரும். இஸ்ரவேல் தேசத்தின் நீளம் அது. 16:16-இல் கடைசி யுத்தத்துக்கு ராஜாக்கள் கூடுகிற அர்மகெதோன், எசேக்கியேல் 39-இல் ஏழு மாதம் பிணங்களைப் புதைக்கிறது, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. இன்றைக்கு இரத்தத்தை அடையாளம் என்பவர்கள் நாளைக்கு உயிர்த்தெழுதலையும் அடையாளம் என்பார்கள். அந்தச் சறுக்கலைத்தான் நான் பயப்படுகிறேன்.

கணக்குவாத்தியார்:

காலேபு பிரதர் கிலோமீட்டர் கொடுத்துவிட்டதால் மிச்சக் கணக்கை நான் போடுகிறேன். கடிவாளத்தின் உயரம் தரையிலிருந்து 1.4 மீட்டர் என்று வைப்போம். அகலம் வெறும் ஒரு மீட்டர், வயல் வாய்க்கால் அளவு. நீளம் 296 கி.மீ. பெருக்கினால் 4,14,400 கன மீட்டர். லிட்டரில் 41 கோடியே 44 லட்சம். ஓர் ஆள் உடம்பில் 5 லிட்டர் என்றால் சுமார் 8 கோடியே 29 லட்சம் பேர் வேண்டும். அதுவும் ஒரு சொட்டு மண்ணில் இறங்காமல், உறையாமல். பள்ளத்தாக்கின் அகலம் ஒரு கிலோமீட்டர் என்று எடுத்தால் 8,288 கோடிப் பேர். உலகத்தில் இப்போது இருப்பதே 800 கோடிச் சொச்சம்.

காலேபு77:

வாத்தியார் ஐயா, ஆறுபோல் நிறைந்து ஓடும் என்று யார் சொன்னது? குதிரைகள் ஓடும்போது கடிவாளம் வரைக்கும் தெறிக்கும் என்றும் வியாக்கியானம் உண்டு. அந்த யுத்தத்தில் கல்மழையும் பெய்கிறது, தண்ணீரோடு கலந்தும் ஓடலாம்.

கணக்குவாத்தியார்:

தெறிக்கிறது, தண்ணீர் கலக்கிறது என்பதெல்லாம் வசனத்தில் இல்லையே பிரதர். அப்படியானால் நீங்களும் எழுதியபடியே எடுக்கவில்லை. எங்கே நெகிழ்த்துகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பட்மோஸ்தீவு:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆலையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் படம் அங்கேதான் இருக்கிறது. அந்நாளைய பாலஸ்தீனத்தில் திராட்சை ஆலை என்பது பெரும்பாலும் பாறையில் வெட்டிய இரண்டு தொட்டி. மேலே அகலமான மிதிக்கும் தளம், கீழே ஆழமான குழி, இடையில் ஒரு சிறு வாய்க்கால். அறுவடை நாளில் ஆட்கள் வெறுங்காலோடு இறங்கி மிதிப்பார்கள். முழங்கால் வரை, உடுத்தியிருக்கிற துணி வரை சிவப்பாகிவிடும். இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரத்தம் என்ற நினைப்பு வர வெகுதூரம் போக வேண்டாம். யாக்கோபு யூதாவை ஆசீர்வதிக்கும்போதே "திராட்சப்பழங்களின் இரத்தம்" என்கிறான் (ஆதி. 49:11).

இதைத் தண்டனைப் படமாக மாற்றியவர்கள் தீர்க்கதரிசிகள். யோவேல் 3:13-இல் அரிவாளும் வருகிறது, நிரம்பி வழிகிற ஆலையும் வருகிறது. வெளிப்படுத்தலை எழுதின யோவானுடைய இரண்டு அறுவடையும் அந்த ஒரே வசனத்திலிருந்து பிரிந்தவை: 14 முதல் 16 வரை பயிர் அறுப்பு, 17 முதல் 20 வரை திராட்சை அறுப்பு. ஏசாயா 63-இல் ஏதோமின் போஸ்றாவிலிருந்து ஒருவர் வருகிறார், உடையெல்லாம் சிவப்பு. ஏன் என்று கேட்டால், நான் தனியாக ஆலையை மிதித்தேன் என்கிறார். யோவான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் எழுதியது ஆசியா மாகாணத்து ஏழு சபைகளுக்கு. வேதம் வாசிக்கக் கேட்டுப் பழகின காதுகளுக்கு இந்த இரண்டு இடமும் உடனே ஒலித்திருக்கும்.

குதிரை விஷயம். இதுவும் அந்தக் காலத்து வழக்குதான். ஏனோக்கு ஆகமம் என்ற பழைய யூத நூலில், கிறிஸ்துவுக்கு முன்பே எழுதப்பட்ட பகுதியில், குதிரை பாவிகளின் இரத்தத்தில் மார்பளவு நடக்கும் என்று வருகிறது. கி.பி. 135-இல், ரோமருக்கு எதிராகக் கலகம் செய்த யூதத் தலைவன் பார் கோக்பாவின் கடைசிக் கோட்டையான பேத்தார் ரோமரிடம் விழுந்ததைப் பற்றி எருசலேம் தல்மூது (யூத ரபிகளின் போதனைத் தொகுப்பு) பேசும்போது, இரத்தம் குதிரையின் மூக்குத்துவாரம் வரை வந்தது என்கிறது. பேத்தார் நடந்த சம்பவம், அங்கே செத்தவர்கள் ஏராளம். அந்த ரபிகள் அளவுகோலோடு நின்று குதிரையின் மூக்கை அளந்தார்கள் என்று யாரும் நினைக்க மாட்டோம். சொல்லித் தீராத பேரழிவைச் சொல்ல அவர்களிடம் இருந்த வாய்ப்பாடு அது.

1600-க்கு வருகிறேன். நாற்பதை நாற்பதால் பெருக்கினது, அல்லது நாலு நாலு பத்து பத்து. வெளிப்படுத்தலுக்கு இலத்தீனில் நமக்குக் கிடைத்திருக்கிற முதல் விளக்கவுரையை எழுதினவர் பெத்தாவு ஊர் விக்தோரினுஸ், 304 வாக்கில் இரத்தசாட்சியாகச் செத்தவர். அவரே இந்த எண்ணை உலகத்தின் நாலு திசையும் என்றுதான் எடுத்தார். ஆக, "அடையாளமாக வாசிப்பது நவீனக்காரர்களின் அவிசுவாசம்" என்ற பேச்சு நிற்காது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் புத்தகத்தில் ஸ்தாதி என்கிற அளவு இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இந்த இரத்தம், 1600. இன்னொன்று 21:16, புதிய எருசலேம், 12,000 ஸ்தாதி. நீளமும் அகலமும் உயரமும் சமம். காலேபு பிரதரின் 185 மீட்டரால் பெருக்கினால் 2,220 கிலோமீட்டர் உயரமான ஊர். அதைச் சுற்றியுள்ள மதிலோ 144 முழம். இதைக் கட்டடக்கலையாக யாரும் வாசிப்பதில்லை, பன்னிரண்டு கோத்திரம், பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று சரியாகப் பிடித்துக்கொள்கிறோம். அதே ஆசிரியர் அதே கோலால் அளந்த இன்னொன்றை மட்டும் ஏன் வரைபடத்தில் வைத்துத் தேடுகிறோம்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரத்தம் எவ்வளவு தூரம் ஓடினாலும் அந்த நகரத்தின் ஒரு பக்கத்தில் ஏழில் ஒரு பங்குகூட வராது. இந்தப் பொருத்தத்தை யோவான் எண்ணி வைத்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எண்களோடு இவ்வளவு விளையாடுகிற ஆசிரியர் தற்செயலாக வைத்தார் என்று நம்புவது அதைவிடக் கஷ்டம்.

சங்கப்பலகை:

நான் கிறிஸ்தவன் இல்லை, இலக்கிய ஆர்வத்தில் இந்தப் பக்கம் வருகிறவன். பட்மோஸ் சொல்கிற வாய்ப்பாடு நமக்கும் தெரிந்ததுதான். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. அதைப் படித்துவிட்டுப் பானை எத்தனை லிட்டர் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தோன்றுகிறது. பரணியில் வெற்றி பெற்ற சோழனின் புகழுக்காக அந்த இரத்தம். இங்கே எழுதுகிற யோவான் பட்மோஸ் தீவில் அடைபட்ட ஆள். ஜெயித்தவன் பாட்டும் தோற்றவன் பாட்டும் ஒன்றாக இருக்குமா?

அன்னம்மாபேத்தி:

நான் கத்தோலிக்கப் பொண்ணு. எங்கள் பக்கத்தில் இதைத் திருவெளிப்பாடு என்போம். இந்த இழையைப் படித்ததும் வாசக நூலை எடுத்துப் பார்த்தேன். இரட்டைப்படை ஆண்டுகளில் பொதுக்காலத்தின் 34ஆம் வாரம் செவ்வாய்க்கிழமை இந்தப் பகுதி பூசையில் வருகிறது. 14:14 முதல் 19 வரை. அதாவது திராட்சையை ஆலையில் போடுகிறதோடு "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். 20ஆம் வசனம் கிடையாது! ஒரே ஒரு வசனம், அதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு அந்த வெட்டு புரிகிறது, ஆனாலும் உறுத்துகிறது. அடையாளமோ நிஜமோ, படம் படம்தானே? கடவுள் மனுஷரைத் திராட்சை மாதிரி மிதிக்கிறார் என்கிற படம். "இது உருவகம்மா" என்று சொன்னால் அந்தப் பயங்கரம் குறைந்துவிடுமா? மன்னிப்பைப் போதிச்ச இயேசுவையும் இதையும் எப்படி ஒரே கையில் பிடிக்கிறது? பட்மோஸ் அண்ணன், எண்களை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பட்மோஸ்தீவு:

சங்கப்பலகை ஐயா கேட்டதும் தங்கச்சி கேட்டதும் ஒரே கேள்வி.

17, 18ஆம் வசனங்களை மெதுவாகப் படித்துப் பாருங்கள். திராட்சையை அறுக்கச் சொல்லி உத்தரவு கொண்டுவருகிற தூதன் பலிபீடத்திலிருந்து வருகிறான், அக்கினியின்மேல் அதிகாரமுள்ளவன். அந்தப் பலிபீடத்தை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 6:9-இல் அதன் கீழே கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் இருக்கின்றன. "எதுவரைக்கும்" என்று கத்துகின்றன. 8:3-இல் அதே பலிபீடத்தில் பரிசுத்தவான்களின் ஜெபம் தூபமாகப் போகிறது, 8:5-இல் அங்கிருந்த நெருப்பு பூமியில் கொட்டப்படுகிறது. அந்த ஓலத்துக்கு வருகிற பதில்தான் இந்த அறுவடை. யார் அழைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு யார் மிதித்தார் என்பதை மட்டும் பார்த்தால் அது கொடூரமாகத்தான் தெரியும்.

கேட்டவர்கள் யார்? பெர்கமுவில் அந்திப்பா கொல்லப்பட்டான் என்று 2:13 பேர் சொல்கிறது. எபேசுவில் தொமித்தியன் காலத்தில் ராயனின், அதாவது ரோமப் பேரரசனின், குடும்பத்துக்குக் கோவில் எழும்பியது. கொஞ்ச காலம் கழித்து, 112 வாக்கில், பக்கத்து மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, திராயான் ராயனுக்கு எழுதின கடிதம் நம்மிடம் இருக்கிறது. கிறிஸ்தவர் என்று பிடிபட்டவர்களை மூன்று தரம் கேட்பாராம், பிடிவாதம் பிடித்தால் தண்டனைக்கு அனுப்புவாராம். மறுக்கிறவர்கள் ராயனின் உருவத்துக்கு முன்னால் தூபமும் திராட்சரசமும் படைத்தால் விட்டுவிடுவாராம். ஒரு கிண்ணம் திராட்சரசத்தில் உயிரா சாவா என்று நின்ற ஜனங்களுக்கு, "கணக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது" என்று சொல்ல அதே திராட்சரசத்தை யோவான் எடுக்கிறார். இது பலவீனன் கையில் இருக்கிற கடைசி முறையீடு. பழியை அவர்களே வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. 13:10-இல் பட்டயத்தினால் கொல்லுகிறவன் பட்டயத்தினால் கொல்லப்பட வேண்டும் என்கிறார், பரிசுத்தவான்களுக்கு விட்டுவைப்பது பொறுமையும் விசுவாசமும் மட்டுமே.

இன்னொன்று. அந்த ஆலையில் ஓடுகிறது யாருடைய இரத்தம் என்று வசனம் சொல்லவேயில்லை. ஆலை நகரத்துக்குப் புறம்பே இருக்கிறது. நகரத்துக்குப் புறம்பே இரத்தம் சிந்தினது யார் என்று எபிரெயர் 13:12 சொல்கிறது. 19:13-இல் வெள்ளைக் குதிரைமேல் வருகிறவரின் வஸ்திரம் சண்டை தொடங்கும் முன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அவருடைய பட்டயமோ வாயிலிருந்து வருகிறது, கையில் இல்லை. 5ஆம் அதிகாரத்தில் யூதாவின் சிங்கம் என்று காதில் விழுகிறது, திரும்பிப் பார்த்தால் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது. இதையெல்லாம் வைத்து ஜி. பி. கேயர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்தத் திராட்சை அறுப்பே இரத்தசாட்சிகளின் சாவுதான் என்றார். அவர்களைப் பிழிந்த ரசத்தைத்தான் பாபிலோன் என்கிற ஸ்திரீ குடித்து வெறிக்கிறாள் (17:6), அதுவே அவளுக்கு ஆக்கினையாகிறது.

சரித்திரப்பித்தன்:

இரத்தம் யாருடையது என்று வசனம் சொல்லாததால்தான் ஆளாளுக்கு ஒரு பேரை எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் வேடிக்கையான பட்டியல். 17ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் இருந்த ஜோசப் மீட் என்ற பெரிய படிப்பாளி, 1600 ஸ்தாதி என்பது ரோமாபுரி மதிலிலிருந்து போ நதி வரை, அதாவது போப்பின் ஆட்சிப்பகுதியின் நீளம் என்று அளந்து காட்டினார். அதற்கு நூறு வருஷம் முன்பே லூத்தரின் 1522 செப்டம்பர்ப் புதிய ஏற்பாட்டில் ஓவியர் கிரனாக் போட்ட படத்தில் பாபிலோன் ஸ்திரீயின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம். எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர்ப் பதிப்பில் அடுக்குகளைச் செதுக்கிவிட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை பாடிக்கொண்டு நடந்த பாட்டிலும் இதே திராட்சை ஆலை உண்டு, ஆலைக்குள் தெற்கத்தியர். எல்லாம் கடந்த காலத்தில் நிறைவேறிவிட்டது என்கிற கட்சியோ 66 முதல் 70 வரை நடந்த யூதப் போரைக் காட்டும். 67-இல் கலிலேயாக் கடலே இரத்தமாகிப் பிணங்களால் நிறைந்தது என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜொசிஃபஸ்) எழுதியிருக்கிறார். 1970-களில் 9ஆம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளை ஹெலிகாப்டர் ஆக்கினார்கள். யாருமே தன்னைத் தூக்கி அந்த ஆலைக்குள் போட்டுப் பார்க்கவில்லை.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் புதிய ஏற்பாட்டில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் விளக்கவுரை எழுதியும் வெளிப்படுத்தலைத் தொடவில்லை. புத்திசாலி.

காலேபு77:

சரித்திரப்பித்தன் பிரதர் சொன்னதில் எனக்கும் சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்மோஸ் பிரதரை இந்த இடத்தில் விடமாட்டேன். யாருடைய இரத்தம் என்று வசனம் சொல்லவில்லை என்கிறீர்கள். ஏசாயா 63-இல் மிதிபட்டது ஜனங்கள், சிந்தினது அவர்களுடைய இரத்தம், சந்தேகமே இல்லை. அந்தப் படத்தை எடுத்தாளுகிற யோவான் சொல்லாமல் தலைகீழாக்கிவிட்டார் என்றால் கேட்டவர்களுக்கு எப்படிப் புரியும்? அதே 14ஆம் அதிகாரத்தில் பத்து வசனம் முன்னால், மிருகத்தை (13ஆம் அதிகாரத்தில் பரிசுத்தவான்களோடு யுத்தம்பண்ணுகிறதை) வணங்குகிறவன் தேவனுடைய கோபாக்கினையாகிய மதுவைக் குடிப்பான் என்று இருக்கிறது. இந்த ஆலையும் "தேவனுடைய கோபாக்கினை"தான். பரிசுத்தவான்களைத் தேவன் ஏன் தம்முடைய கோபாக்கினையில் போடுவார்? 19:15-இல் ஆலையை மிதிக்கிறவர் கிறிஸ்து. தம்முடைய சாட்சிகளை அவரே மிதிப்பாரா? கேயர்ட் வாசிப்பு அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கிலோமீட்டரை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன். நியாயத்தீர்ப்பை விடமாட்டேன்.

பட்மோஸ்தீவு:

வலுவான எதிர்ப்பு. கேயர்ட்டை முழுதாக ஏற்காதவர்கள் சொல்வதும் இதுவே. நானும் அவரோடு பாதி வழிதான் போகிறேன். 14:10-ஐயும் 19:15-ஐயும் சேர்த்துப் படித்தால் ஆலைக்குள் இருப்பது மிருகத்தின் பக்கம் நின்ற உலகம்தான். ஆனால் 19:13-இன் வஸ்திரமும் "புறம்பே" என்கிற இடமும் அந்தப் படத்தின்மேல் சிலுவையின் நிழலைப் போடுகின்றன, அதைத் துடைத்துவிடக் கூடாது. மிதிக்கிறவரே முன்பு மிதிபட்டவர். நியாயத்தீர்ப்பு உண்டு, அது யார் கையில் இருக்கிறது என்பதிலேதான் இந்தப் புத்தகம் மற்ற யுத்தப் பாட்டுகளிலிருந்து பிரிகிறது.

காலேபு பிரதர் முதலில் கேட்ட பயத்துக்கும் ஒரு வார்த்தை. அடையாளம் எங்கே நிற்கும் என்று கவலைப்பட்டீர்கள். இந்தப் புத்தகமே வேலி போட்டுத் தருகிறது. நட்சத்திரம் என்றால் தூதர், குத்துவிளக்கு என்றால் சபை (1:20). ஏழு தலை என்றால் ஏழு மலை (17:9). தண்ணீர் என்றால் ஜனங்கள் (17:15). சுவிசேஷங்கள் காலியான கல்லறையை இப்படி விளக்கிச் சொல்வதில்லை. எழுத்தின் வகை வேறு.

அன்னம்மாபேத்தி:

பலிபீடத்தின் கீழே கத்துகிறவர்களோடு சேர்த்து வாசித்தால் எனக்கு அந்த வசனம் மாறித்தான் தெரிகிறது. பயங்கரம் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. கொல்லப்பட்டவங்க கேள்விக்குப் பதிலே வராமல் போனால் அது இதைவிடப் பயங்கரம். அந்த 20ஆம் வசனத்தைப் பூசையில் சேர்த்தே வாசிக்கலாம் என்பது என் கட்சி. மறையுரை வைக்கிற ஃபாதர் பாவம்.

உபதேசியார்பேரன்:

எல்லாருக்கும் நன்றி. புதன் வகுப்புக்கு ஒன்று முடிவு பண்ணியிருக்கிறேன். 14:20-ஐத் தனியாக எடுக்கப் போவதில்லை. 6:9-11, 8:3-5, 14:14-20, 19:11-16, கடைசியாக 21:16, இந்த வரிசையில் ஐந்து பேரை எழுப்பிச் சத்தமாக வாசிக்க வைத்துவிட்டு அப்புறம்தான் பேச்சு. கணக்குவாத்தியாரின் 8 கோடியையும் போர்டில் எழுதுவேன். மூத்தவர்கள் ஒருவர் இரண்டு பேர் முறைப்பார்கள், பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் 16ஆம் அதிகாரம், தாலந்து நிறையான கல்மழை. ஒரு தாலந்து 30 கிலோவுக்கு மேல். அதற்கும் இப்போதே ஏதாவது சொல்லி வையுங்கள்.

சரித்திரப்பித்தன்:

அதற்கு யோசேப்பைப் படியுங்கள். 70-இல் எருசலேம் முற்றுகையில் ரோமரின் கவண்பொறிகள் ஒரு தாலந்து நிறையுள்ள கல்லை இரண்டு ஸ்தாதிக்கு மேல் எறிந்தன என்கிறார். கல் வெள்ளையாக இருந்ததால் வருவது தூரத்திலேயே தெரியும், கோபுரத்துக் காவலர் கத்துவார்கள், ஜனங்கள் குப்புற விழுந்து தப்பிப்பார்கள். இதைக் கண்டுகொண்டதும் ரோமர் கல்லுக்குக் கறுப்புப் பூசி எறிந்தார்களாம்.

காலேபு77:

16:21-இல் கல் வானத்திலிருந்து விழுகிறது பிரதர், கவணிலிருந்து இல்லை. புது இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.